புட்டி மாஸ்கிங்: ஸ்கேல் மாடலில் மென்மையான கேமஃப்ளாஜ் ஓரம் எடுக்க முழுமையான வழிகாட்டி

பழைய புகைப்படங்களில், இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எதிரி கண்ணில் படாமலிருக்க அடித்த கேமஃப்ளாஜ் வண்ணங்களான பச்சையும் சாம்பலும் சந்திக்கும் இடம் பல படங்களில் கத்தியால் கீறியது போலவும் இருக்காது, பரந்து கலைந்தும் கிடக்காது. ஸ்ப்ரே துப்பாக்கி விட்டுச் சென்ற ஒரு குறுகிய மங்கல், அவ்வளவுதான். அதன் அகலம் நிஜ விமானத்தில் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவுள்ள 1/72 மாடலில் அது 0.35 மி.மீ. 1/48-ல் அரை மில்லிமீட்டர். 1/35-ல் 0.7 மி.மீ.

வண்ணம் படக் கூடாத இடத்தை மூடும் மாஸ்க் எதுவும் இல்லாமல், காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷைக் கையால் ஓட்டி 1/72 விமானத்தில் இந்த ஓரத்தைப் போட முயன்றால் மங்கல் 3 மி.மீ. அகலத்துக்கு எளிதில் போய்விடும். 3-ஐ 72-ஆல் பெருக்குங்கள்: 21.6 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண். வரைபடம் பார்த்துத் தொழிற்சாலையில் வண்ணம் அடித்த விமானத்துக்கு அது பொருந்தாது. டேப் ஒட்டி அடித்தாலோ கோடு கூர்மையாகிவிடும், ஓரத்தில் வண்ணம் மேடுகட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நமக்கு வேண்டிய ஓரத்தைத் தருவது புட்டி.

புட்டியை வெறும் மூடியாக மட்டும் நினைத்தால் அதன் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஓரம் எவ்வளவு மென்மையாக வர வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவி அது. விளக்குத் திரி போல உருட்டிய புட்டியை மாடலின் மேல் வைக்கும்போது, திரியின் அடி மட்டும் பரப்பைத் தொடுகிறது. வயிறு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு சற்று உயரத்தில் நிற்கிறது. அந்த வயிற்றுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் வண்ணத் துளிகள் கொஞ்சம் நுழைகின்றன. இடைவெளி பெரிதானால் மங்கல் அகலமாகும். இடைவெளியே இல்லையென்றால் கோடு கூர்மையாகும். இனி வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைக் காப்பாற்றுவதற்கோ, வேண்டுமென்றே அடைப்பதற்கோதான்.

எந்தப் புட்டி

இரண்டு வகை இந்த வேலைக்கு உதவும். முதலாவது, சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்தும் ஒட்டுப்புட்டி. போஸ்டிக் நிறுவனத்தின் ப்ளூ டாக் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஃபேபர் காஸ்டெல் நிறுவனத்தின் டாக்-இட் நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். இதற்கு ரப்பர் தன்மை உண்டு. உருட்டிய வடிவத்தை எளிதில் விடாது. மென்மையான ஓரத்துக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, துள்ளும் புட்டி. சில்லி புட்டி என்று பொம்மையாக விற்பது இதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-ல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செயற்கை ரப்பருக்கு வழி தேடிய ஜேம்ஸ் ரைட் சிலிக்கோன் எண்ணெயையும் போரிக் அமிலத்தையும் சேர்த்தபோது கிடைத்தது என்று சொல்லப்படுகிறது. 1950-ல் பிளாஸ்டிக் முட்டைக்குள் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். இதன் சிலிக்கோன் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் போரான் பிணைப்புகள் ஓயாமல் அறுந்து அறுந்து மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் சும்மா வைத்தால் மெதுவாக ஓடும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறும். நமக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும்: வைக்கும்போது ஓடுவது, எடுக்கும்போது அறுவது. பான்சர் புட்டி, ஏகே இன்டராக்டிவ் நிறுவனத்தின் கேமஃப்ளாஜ் புட்டி என்று மாடல்காரர்களுக்காகவே விற்பவையும் இதே போல இழுபட்டு, வளைவுகளோடு படியும் வகைதான். இவை ஓடிப்போய்ப் பரப்போடு ஒட்டிப் படிந்துவிடுவதால் ஓரம் கூர்மையாக வரும்.

ஆகவே மென்மைக்கு ஒட்டுப்புட்டி, கூர்மைக்குத் துள்ளும் புட்டி. ஒரே மாடலில் இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம். ஓரத்துக்கு ஒட்டுப்புட்டித் திரி, உள்பகுதியை நிரப்பத் துள்ளும் புட்டி என்ற சேர்க்கை எனக்கு மிகவும் பிடித்தது.

சில பொருட்களை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். எம்-சீல் போன்றவை இரண்டு பாகமும் கலந்ததும் இறுகிப் போகும். மாடலின் இணைப்பு இடைவெளியை அடைக்கும் டாமியா புட்டியில் கரைப்பான் இருப்பதால் பிளாஸ்டிக்கையே கடிக்கும். எண்ணெய்க் களிமண் வண்ணத்தின் மேல் எண்ணெய்ப் படலம் விடும். பிள்ளைகள் விளையாடும் மாவுக் களிமண்ணில் தண்ணீரும் உப்பும் உண்டு, காயக் காயச் சுருங்கும். ஹார்டுவேர் கடையில் வெறுமனே புட்டி என்று கேட்டால் சுவருக்குப் பூசும் மூட்டையைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஸ்டேஷனரிக் கடைக்குப் போய், "அண்ணே, சுவத்துல சார்ட் ஒட்டுற டாக்-இட் இருக்கா?" என்று கேளுங்கள், வேலை முடிந்தது.

புதிதாக வாங்கிய எந்தப் புட்டியையும் மாடலில் வைக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் சோதிக்க வேண்டும். ஸ்பூனுக்கு நீங்கள் பயன்படுத்தும் அதே பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு), அதே வண்ணம் அடித்துக் காயவைத்து, ஒரு துண்டுப் புட்டியை ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் எடுக்கும்போது எண்ணெய்க் கறை, பிசுபிசுப்பு, நிறமாற்றம் எதுவும் இல்லையென்றால் நம்பி இறங்கலாம். மாடலில் அவ்வளவு நேரம் விடப்போவதில்லை என்றாலும் இந்தக் கடுமையான சோதனை நல்லது.

மற்ற சாமான்கள் எளியவை: பல்குத்தும் குச்சி, கூரான பிளேடு, கண்ணாடித் துண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், மாஸ்கிங் டேப். சின்னத் துண்டுகளை எடுத்து வைக்க நல்ல சாமணம் ஒன்று வேண்டும். மதுரையில் தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறைக் கருவிகள் விற்கும் கடைகளில் பார்த்தால், முனை சரியாகக் கூடும் சாமணத்தைக் கையில் பிடித்துப் பார்த்தே வாங்கலாம். ஆன்லைனில் வாங்குவதில் அந்த வசதி இல்லை.

அடிவண்ணம்

புட்டியை எடுக்கும்போது அடிவண்ணமும் கூடவே உரிந்து வந்தால், குறை பெரும்பாலும் புட்டியிடம் இருக்காது. பாகங்களைக் கழுவாமலோ பிரைமர் இல்லாமலோ அடித்திருப்பார்கள். வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்குப் பூசும் பொருளின் எச்சம் பாகங்களில் இருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு பிரைமர், அதன் பிறகு வெளிர் நிறம்.

பின்னாட்களின் ஸ்பிட்ஃபயர் ஒன்பதாம் மார்க்கையே எடுத்துக்கொள்வோம். 1941 ஆகஸ்ட்டில் வந்த பகல் போர்விமானத் திட்டப்படி மேல்பரப்பில் ஓஷன் கிரே, டார்க் கிரீன். கீழே மீடியம் சீ கிரே. இதில் முதலில் கீழ்ப்பரப்பு, அடுத்து மேல்பரப்பு முழுவதும் ஓஷன் கிரே, கடைசியில் புட்டி வைத்து டார்க் கிரீன். வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறம் எளிதாக மூடும். மாற்றிச் செய்தால் சாம்பலைப் பல அடுக்கு அடிக்க வேண்டியிருக்கும், ஓரம் தடித்துப் போகும்.

அக்ரிலிக் அடிவண்ணத்துக்கு ஒரு நாள் கொடுங்கள். எனாமலுக்குப் பல நாள் ஆகும். லேக்கர் சில மணி நேரத்தில் தயாராகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது இந்த நேரத்தை இரட்டிப்பாக்குவது நல்லது. மூக்கருகே கொண்டுபோனால் வண்ண வாசனை வருகிறதா என்று பாருங்கள். வாசனை இருக்கும் வரை அதன் மேல் எதையும் ஒட்டக்கூடாது.

இன்னொன்று: மிகவும் சொரசொரப்பான மேட் பரப்பில் புட்டியின் துகள்கள் தங்கிவிடும். அடிவண்ணத்தின் மேல் பளபளப்பான, நிறமில்லாத கிளியர் ஒரு மெல்லிய அடுக்கு அடித்துவிட்டால் புட்டி சுத்தமாகப் பிரிந்துவரும்.

வரைபடத்தை மாடல் அளவுக்குக் கொண்டுவருதல்

கிட்டுடன் வரும் குறிப்புத்தாளில் கேமஃப்ளாஜ் படம் பெரும்பாலும் மாடலின் அளவில் இருக்காது. கணக்கு எளிது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை வீச்சு 36 அடி 10 அங்குலம், அதாவது 11.23 மீட்டர். 1/72-ல் 156 மி.மீ. தாளில் உள்ள படத்தில் வீச்சு 120 மி.மீ. இருந்தால், 156-ஐ 120-ஆல் வகுத்தால் 1.3. ஜெராக்ஸ் கடையில் 130 சதவீதம் என்று சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டால் ஒன்றை வெட்டிப் பயன்படுத்தலாம், இன்னொன்று பார்த்துச் சரிபார்க்க.

வெட்டிய பிரதியை இறக்கையில் வைத்து, ஓரம் போகும் பாதையைச் சின்னச் சின்னப் புள்ளிகளால் குறியுங்கள். கருப்புப் பென்சிலின் கிராஃபைட் வெளிர் வண்ணத்தில் தேய்ந்து அழுக்காகும். பரப்பின் நிறத்தை விடக் கொஞ்சம் மட்டுமே அடர்த்தியான கலர் பென்சில் போதும். முழுக்கோடு வேண்டாம், திசை திரும்பும் இடங்களில் புள்ளி இருந்தால் போதும்.

திரி உருட்டுதல்

இந்த வேலையில் பொறுமை முழுவதையும் செலவிட வேண்டிய இடம் இது. திரி ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் ஓரமும் அப்படியே ஓரிடத்தில் மங்கி, ஓரிடத்தில் கூர்மையாகும். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த வேறுபாடுதான்.

கையால் மட்டும் உருட்டினால் சீராக வருவது கடினம். ஐஸ்கிரீம் குச்சிகள் இரண்டைக் கண்ணாடியின் மேல் இணையாக வையுங்கள். அவற்றின் தடிமன் ஏறக்குறைய 2 மி.மீ. நடுவில் புட்டியை வைத்து, மேலே தட்டையான ஒரு அக்ரிலிக் துண்டால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். துண்டு குச்சிகளின் மேல் உட்காரும்போது திரியும் 2 மி.மீ. கனத்தில் சீராகிவிடும். 1/72-க்கு இது சரியான அளவு. 1/48-க்கு 3 மி.மீ. வேண்டும். பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, குச்சிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். 1/35 டாங்கிக்குக் குச்சிகளை இரண்டிரண்டாக அடுக்கினால் 4 மி.மீ. கிடைக்கும். கண்ணாடியில் ஒட்டினால் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள். முகப்பவுடர் போடாதீர்கள், அது மாடலுக்குப் போய் வண்ணத்தின் பிடிப்பைக் கெடுக்கும்.

வைக்கும்போது திரியைப் புள்ளிகளின் மேல் தளர்வாகக் கிடத்துங்கள். இழுத்துப் பிடித்து வைத்தால் மெலியும், சற்று நேரத்தில் சுருங்கி வளைவில் நகரவும் செய்யும். தண்ணீர் தொட்ட பல்குத்தும் குச்சியால் வளைவைத் திருத்துங்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். மாடலைச் சாய்த்தால் விழாமல் இருக்கும் அளவுக்கு ஒட்டினால் போதும். அழுத்தி நசுக்கினால் அடிப்பரப்பு அகன்று, வயிற்றுக்குக் கீழே இருந்த இடைவெளி போய்விடும். அப்புறம் டேப் ஒட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

இறக்கையும் உடலும் சேரும் குழிவில் தனிக் கவனம் வேண்டும். அங்கே திரி குழிவைத் தாண்டிப் பாலம் போல நிற்கும், கீழே பெரிய இடைவெளி உருவாகும். அந்த ஓரிடத்தில் மட்டும் குச்சியின் மழுங்கிய முனையால் திரியைக் குழிவுக்குள் இறக்கிவிடுங்கள். மேடான பேனல்கள், எக்ஸாஸ்ட் குழாய்களின் அருகிலும் இப்படித்தான்.

வைத்து முடித்ததும் மாடலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, பரப்பின் மட்டத்திலிருந்து திரியைப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி நிழல் தெரிந்தால் சரி.

உள்பகுதியை மூடுதல்

இதில் சொல்ல அதிகம் இல்லை. திரிகளால் வளைத்த பகுதிக்குள் டேப் துண்டுகள், காகிதம், சமையலறை பிளாஸ்டிக் உறை எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். ஒரே விதி: அவற்றின் ஓரம் திரியின் முதுகில் முடிய வேண்டும். முதுகைத் தாண்டி வெளிப்பக்கம் ஒரு முனை நீட்டினாலும் அதன் நிழல் வண்ணத்தில் விழும். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும்.

துள்ளும் புட்டியோடு வேலை

கூர்மையான ஓரம் வேண்டும்போதோ பெரிய வளைவான பகுதியை வேகமாக மூடும்போதோ துள்ளும் புட்டியை எடுங்கள். நன்றாகப் பிசைந்து, தட்டையாக்கி, ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளியே வையுங்கள். அது தானாக ஓடி ஓரத்துக்கு வரும். வருவதற்கு முன் குச்சியால் தள்ளி எல்லையைத் திருத்தலாம். தாண்டி வந்துவிட்டால் தண்ணீரில் நனைத்த பிளேடால் வெட்டி எடுக்கலாம். பிளேடை மாடலின் மேல் அழுத்தாமல், புட்டியை மட்டும் அரியுங்கள்.

துள்ளும் புட்டி நிற்காது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்த நிமிடத்திலிருந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஏர்பிரஷ், வண்ணக் கலவை, கம்ப்ரஸர் எல்லாம் தயாராக இருக்கும்போதுதான் புட்டியை வைக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் அடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு அடுக்குக்கு முன்னும் ஓரத்தை மறுபடி பாருங்கள். விமான உடலின் செங்குத்தான பக்கங்களில் இது கீழ்நோக்கி இறங்கும். எனவே அடிக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி மாடலைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் முடித்த பின் மறுபக்கம் செய்யுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் முடிக்க ஆசைப்படக் கூடாது.

மதுரை வெயிலும் புட்டியும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் சொல்லும் நேரக்கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அங்கே 20 டிகிரி அறையில் அரை மணி நேரம் நிற்கும் புட்டி, சித்திரைத் திருவிழா நேரத்து மதியத்தில் மொட்டை மாடி அறையில் சீக்கிரமே வழியும். ஒட்டுப்புட்டியும் இளகிப் பிசுபிசுக்கும், திரி தன் எடையிலேயே தட்டையாகும். கோடை முழுவதும் இந்த வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருட்டிய திரிகளைக் கண்ணாடியோடு ஒரு மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் விறைப்பாகி, வடிவம் நிற்கும். எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். குளிர்ந்த புட்டியின் மேல் காற்றின் ஈரம் படிந்து முத்து முத்தாக நிற்கும், அது மாடலில் பட்டால் வண்ணம் பிடிக்காது. மூடியபடியே சில நிமிடம் விட்டு, குளிர் கொஞ்சம் தணிந்த பின் திறக்க வேண்டும்.

வெப்பத்தால் இன்னொரு தொல்லை வண்ணத்துக்கு. துளிகள் மாடலைத் தொடும் முன் காற்றிலேயே உலர்ந்து, தூளாகப் படியும். தொட்டால் மணல்தாள் போல இருக்கும். திரிக்குக் கீழே இந்தத் தூள் சேர்ந்தால் மங்கல் அழகாக இராது, புள்ளி புள்ளியாகத் தெரியும். தின்னரைக் கொஞ்சம் கூட்டி, வண்ணம் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்து, தூரத்தைக் குறைத்து அடித்தால் சரியாகும். ஆடிக் காற்றில் மாடியில் அடிப்பதை விட்டுவிடுங்கள். தூசி ஒரு பக்கம், ஸ்ப்ரேயின் கோணத்தையே காற்று மாற்றிவிடுவது இன்னொரு பக்கம். அறைக்குள் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் புகைபோக்கி விசிறி வைத்து, முகத்தில் ஆவி வடிகட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். அக்ரிலிக்தானே என்று மாஸ்க்கை விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும் வண்ணத்துளி எதுவானாலும் கெடுதல்தான்.

ஸ்ப்ரே கோணம்

திரியின் கனத்துக்கு அடுத்தபடியாக ஓரத்தைத் தீர்மானிப்பது கோணம். ஏர்பிரஷ்ஷைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்தால் திரியின் வயிறு எங்கே முடிகிறதோ அங்கே மங்கல் விழும். வரைந்தபடி ஓரம் வரும். திறந்த பக்கத்திலிருந்து சாய்த்து, திரியை நோக்கி அடித்தால் வண்ணம் வயிற்றுக்குக் கீழே நுழைந்து, திரி மாடலைத் தொடும் கோடு வரை போய்விடும். அங்கே இடைவெளி இல்லாததால் கோடு கூர்மையாகும், வடிவமும் உள்ளே தள்ளிப்போகும். மூடிய பக்கத்திலிருந்து, திரிக்கு மேலாக வெளிப்பக்கம் நோக்கி அடித்தால் திரியின் நிழல் நீண்டு, மங்கல் அகலமாகும், ஓரம் வெளியே நகரும்.

வளைந்த பரப்பில் செங்குத்து என்பது ஒவ்வொரு இடத்திலும் மாறுகிறது. விமான உடலின் முதுகைச் சுற்றி வரும்போது மணிக்கட்டை அசையாமல் வைத்து, மாடலைத் திருப்புங்கள். இதற்காகவே மாடலின் புரொபெல்லர் துளையில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்வது வசதி.

0.3 மி.மீ. நாசில், 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம், 5 முதல் 8 செ.மீ. தூரம். டாமியா அக்ரிலிக் என்றால் வண்ணத்துக்குச் சம அளவு அல்லது கொஞ்சம் அதிகமாகத் தின்னர். கலவை கிண்ணத்தின் சுவரில் பால் போல வழிய வேண்டும். முதல் சுற்றில் திரியின் ஓரத்தை மட்டும் லேசாக, கிட்டத்தட்டத் தெரியாத அளவுக்கு அடியுங்கள். அது காய்ந்ததும் இன்னொன்று. இப்படி மூன்று நான்கு மெல்லிய அடுக்குகளில் நிறத்தை ஏற்றி, கடைசியில் நடுப்பகுதியை நிரப்புங்கள். ஈரம் மினுங்கும்படி ஒரே தடவையில் அடித்தால் வண்ணம் திரிக்கு அடியில் ஊர்ந்து போய், காய்ந்தபின் கரைபோட்டது போல் ஒரு வரி தெரியும்.

ஸ்ப்ரே டப்பாவால் செய்யலாமா என்றால், செய்யலாம். 20, 25 செ.மீ. தள்ளி, தூவுவது போல அடிக்க வேண்டும். மங்கல் கொஞ்சம் அகலமாகத்தான் வரும், எனவே திரியைச் சற்று மெலிதாக்கிக்கொள்ளுங்கள். டப்பா வண்ணங்களின் கரைப்பான் கடுமையானது, அதனால் ஸ்பூன் சோதனையைத் தவறாமல் செய்துவிடுங்கள்.

எடுத்தல்

வண்ணம் விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க விட வேண்டாம். ஒட்டுப்புட்டியை ஒரு முனையிலிருந்து தூக்கி, பரப்புக்கு மிகத் தாழ்வாக, பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் வண்ணம் உரியும் வாய்ப்பு அதிகம்.

துள்ளும் புட்டிக்கு முறை நேர்மாறு. மெதுவாக இழுத்தால் நூல் நூலாக நீண்டு, தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகளுக்குள் தங்கிவிடும். ஓரத்தை விரலால் பிடித்துச் சட்டென்று இழுத்தால் முழுத்துண்டாக வரும். கோட்டுக்குள் மிச்சம் இருந்தால் அதே புட்டியில் ஓர் உருண்டையை அதன் மேல் அமுக்கி உடனே பிடுங்குங்கள். மிச்சம் அதோடு ஒட்டி வந்துவிடும். ஊசியால் நோண்டினால் வண்ணமும் சேர்ந்து கிளம்பும்.

அப்படியும் போகாத துளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால். துள்ளும் புட்டியை இது கரைக்கும். ஆனால் அக்ரிலிக் வண்ணத்தையும் கரைக்கும் என்பதால், காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு, அந்தப் புள்ளியில் மட்டும் ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். ஒட்டுப்புட்டியின் மிச்சத்துக்குப் புதிய புட்டி உருண்டையால் ஒற்றி எடுப்பதே போதும். பிறகு முழு மாடலையும் சோப்புத் தண்ணீரில் லேசாகக் கழுவி உலர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருந்தாலும் போய்விடும். சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படமான டெக்கால் ஒட்டுவதற்கு முன் அடிக்கும் பளபளப்பு அடுக்கு அப்போதுதான் சீராகப் பிடிக்கும்.

ஓரத்தைச் சரிசெய்தல்

மேடு தெரிந்தால் ஒரு முழு நாள் கழித்து 2000 அல்லது 3000 எண் மணல்தாளைத் தண்ணீரில் நனைத்து, கோட்டின் திசையிலேயே இரண்டு மூன்று தடவை தடவுங்கள். கோட்டுக்குக் குறுக்கே தேய்த்தால் மங்கல் அழிந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் பச்சை அதிகம் பரவியிருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி திரி வைத்து, இந்தத் தடவை பச்சையை மூடிச் சாம்பலை அடிக்கலாம். இதற்காகவே அடிவண்ணக் கலவையில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் எடுத்துவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதே விகிதத்தில் புதிதாகக் கலந்தாலும் நிறம் மயிரிழை மாறும்.

ஓரம் முழுவதும் வேண்டியதை விட மங்கலாக இருந்தால் திரி தடிமனாகிவிட்டது, அல்லது தூரம் கூடிவிட்டது. கூர்மையாகிவிட்டது என்றால் திரியை அழுத்திவிட்டீர்கள், அல்லது சாய்த்து அடித்துவிட்டீர்கள். அடுத்த மாடலுக்கு முன் ஒரு பழைய இறக்கைத் துண்டில் 2, 3, 4 மி.மீ. திரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்து, கனத்தை அருகிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏர்பிரஷ், உங்கள் கை, உங்கள் அறை வெப்பம் மூன்றுக்கும் சேர்த்து எது சரி என்று அந்தத் துண்டு சொல்லும். வேறு யாருடைய அளவையும் விட அது நம்பகமானது.

வேறு மாடல்களில்

எல்லாக் கேமஃப்ளாஜுக்கும் புட்டி பொருந்தாது. 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மன் டாங்கிகள் தொழிற்சாலையிலிருந்து அடர்மஞ்சளில் வந்தன. பச்சையும் செம்பழுப்பும் பசையாகக் கொடுக்கப்பட்டு, களத்தில் படையினரே கரைத்து அடித்தார்கள். அந்த ஓரங்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது, பலவற்றில் மங்கல் மிக அகலம். அங்கே ஏர்பிரஷ்ஷைக் கையால் ஓட்டுவதே உண்மைக்கு நெருக்கம். நம் விமானப்படையின் ஹண்டர் விமானம், ஆவடியில் கட்டிய அர்ஜுன் டாங்கி போன்றவற்றைச் செய்யும்போது, நீங்கள் செய்யும் அதே வண்டியின் புகைப்படத்தைத் தேடி, ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் பிறகு திரியின் கனத்தை முடிவுசெய்யுங்கள். பெட்டியின் மேல் உள்ள ஓவியத்தை இதற்கு நம்ப வேண்டாம்.

கேமஃப்ளாஜைத் தாண்டியும் புட்டி உதவும். காக்பிட் வாய், சக்கர அறை, ஜெட் காற்றுவாய் எல்லாவற்றையும் உள்ளே வண்ணம் அடித்த பின் புட்டியால் அடைத்துவிட்டு வெளிப்புறம் அடிக்கலாம். டேப்பை இந்தக் குழிகளுக்குள் வெட்டிப் பொருத்தும் பாடு மிச்சம். சக்கரத்தின் மையத்தை மூடி டயரை மட்டும் அடிக்கத் துள்ளும் புட்டி மிக நல்லது, விளிம்பு வரை தானே ஓடிப் படியும். ஆழமான குழிக்குள் மட்டும் அதைத் திணித்து வைக்காதீர்கள். நேரம் போனால் உள் விவரங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒட்டுப்புட்டி பாதுகாப்பு.

புட்டியை வைத்திருத்தல்

வேலை முடிந்ததும் திரிகளைச் சேர்த்துப் பிசைந்தால் மேலே ஒட்டிய வண்ணமும் உள்ளே கலந்துவிடும். சில மாடல்கள் வரை பரவாயில்லை. பிசையும்போது விரலுக்கு நெறநெறவென்று தட்டுப்படத் தொடங்கினால் அந்த உருண்டையை உள்பகுதி நிரப்ப மட்டும் வைத்துக்கொண்டு, ஓரத்துக்குப் புதிது எடுங்கள். காய்ந்த வண்ணச் செதில் அடிவண்ணத்தைக் கீறும். துள்ளும் புட்டியை மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். திறந்து வைத்தால் மேசை விளிம்பு வழியாக இறங்கி, பாயிலோ வேட்டியிலோ ஏறிவிடும். துணியில் பட்டால் சுரண்டாமல், ஓரமாக ஒரு துளி ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுச் சாயம் போகவில்லை என்று பார்த்துவிட்டு, அதே ஆல்கஹாலால் ஒற்றி எடுங்கள்.